பாதியில் நிற்கும் குவில்ட்டைப் பத்திரப்படுத்துவது எப்படி

துணித்துண்டுகளை இணைத்து, நடுவில் பஞ்சு வைத்து அடுக்காகத் தைக்கும் போர்வைதான் குவில்ட். அதைத் தைக்கும் எவருடைய வீட்டிலும் முடிந்தவற்றை விட முடியாதவை அதிகமாக இருக்கும். கட்டில் நிறைய விரியும் ஒரு குவில்ட்டைக் கையால் தைத்து முடிக்க ஓரிரு வருடங்கள் செல்வது இயல்பே. அந்த இடைவெளியில் ஒரு பிள்ளைப்பேறு, ஒரு வீடுமாற்றம், ஒரு கண் சத்திரசிகிச்சை என்று ஏதாவது வந்து சேரும். துணி மடிக்கப்பட்டு அலுமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும். அப்படிப் போனவற்றைப் பல வருடங்களின் பின் திறந்து பார்த்த அனுபவத்தில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: நிறுத்திய நாளில் துணிக்குள் விட்டுவைத்த குண்டூசி, வளையம், ஒட்டுநாடா, கஞ்சி, கடதாசி ஆகியவை செய்யும் கேட்டை வருடங்கள் தாமாகச் செய்வதில்லை. ஆகவே, நாளைக்கே திரும்ப எடுக்கப்போகிறோம் என்றாலும், பத்து வருடம் தொடப்போவதில்லை என்று எண்ணிக்கொண்டுதான் ஒரு வேலையை எடுத்துவைக்க வேண்டும்.

துண்டுகளை இணைத்துத் தைத்த மேற்பகுதியை இங்கே மேல்விரிப்பு என்றும், நடுவில் வைப்பதைப் பஞ்சு என்றும், கீழே வருவதை அடித்துணி என்றும் எழுதுகிறேன். இந்த மூன்றையும் ஊடுருவிப் பிடிக்கும் தையல்தான் குவில்ட் தையல். மூன்றும் சேராத வரை மேல்விரிப்பின் பின்புறத்தில் வெட்டு விளிம்புகள் யாவும் திறந்தே கிடக்கும். ஒவ்வொரு முறை தூக்கி விரிக்கும்போதும் அவற்றிலிருந்து இழை பிரியும். முடிந்த குவில்ட்டைக் கையாளுவது போல முடியாததைக் கையாள முடியாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

கடற்காற்றும் குண்டூசியும்

வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ காலி வீதிக்குக் கடற்பக்கமாகக் குடியிருப்பவர்கள், யன்னல் கம்பியும் கதவுப் பிணைச்சலும் துருப்பிடிக்கும் வேகத்தைத் தினமும் பார்க்கிறார்கள். அதே உப்புக் காற்று துணிப் பெட்டிக்குள்ளும் போகிறது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்திருப்பதால், குண்டூசியின் நிக்கல் பூச்சில் ஒரு சிறு கீறல் இருந்தாலும் உள்ளிருக்கும் உருக்கு துருவாகி, துணியின் நாரோடு ஒட்டிக்கொள்கிறது. பூஞ்சணத்தைப் பொறுத்தவரை, காற்றின் ஈரப்பதன் 70 சதவீதத்துக்கு மேல் நீடித்திருந்தாலே அது வளரத் தொடங்கிவிடும். கொழும்பில் பெரும்பாலான நாட்கள் அந்த அளவைத் தாண்டியவைதான். நூதனசாலைகள் பழந்துணிகளை ஏறக்குறைய 50 சதவீத ஈரப்பதனிலும், 50 லக்ஸைத் தாண்டாத வெளிச்சத்திலும் வைத்திருக்க முயல்கின்றன. நம் வீட்டு அலுமாரிக்குள் அதைக் கொண்டுவர முடியாது. ஆயினும் இருட்டு, காற்றோட்டம், உலர்வு ஆகிய மூன்றையும் இயன்ற அளவு தரலாம்.

நான் ஒருமுறை நீலமும் வெள்ளையுமான ஒரு குழந்தைப் போர்வையைக் குண்டூசிகளோடு மடித்து வைத்துவிட்டேன். இரண்டு மழைக்காலம் கழிந்து எடுத்தபோது, வெள்ளைத் துண்டுகளில் மிளகளவான செம்பழுப்புப் புள்ளிகள் சோடி சோடியாக இருந்தன: ஊசி புகுந்த இடத்தில் ஒன்று, வெளியே வந்த இடத்தில் ஒன்று. சில ஊசிகள் இழுக்க வரவில்லை. பலமாக இழுத்தபோது அவற்றோடு நாலைந்து இழைகளும் அறுந்து வந்து, துணியில் கடுகளவு ஓட்டைகள் விழுந்தன. துருக்கறையைப் போக்கக் குளோரீன் வெளுப்பியை ஊற்றினால் கறை மேலும் ஊறி நிலைத்துவிடும். புதிய வெள்ளைப் பருத்தியானால் எலுமிச்சம் சாறும் உப்பும் வைத்து, சிறிது நேரத்தில் பலமுறை அலசிவிடலாம்; பழைய துணியிலும் சாயத் துணியிலும் அந்தப் புளிப்பு நாரையும் நிறத்தையும் தின்றுவிடும். அந்தப் போர்வையில் நான் பதினொரு துண்டுகளை மாற்ற வேண்டி வந்தது.

ஊசியைக் கீழே வைக்கும் நாளில்

முதலில், நிறுத்துவதற்கு ஏற்ற இடத்தில் நிறுத்துங்கள். கையால் தைப்பவரானால் ஒரு வரிசையோ ஒரு கட்டமோ முடியும் இடம் வரைக்கும் போய், முடிச்சிட்டு நூலை வெட்டிவிடுங்கள். நடுவில் நிறுத்தித்தான் ஆக வேண்டுமென்றால் ஒரு சாண் நூலைத் தொங்க விடுங்கள், ஊசியை மட்டும் விடாதீர்கள். பிறகு குண்டூசிகளையும் ஊக்குகளையும் எண்ணி எடுத்துவிடுங்கள். எண்ணி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: ஐம்பது குத்தியவர் நாற்பத்தொன்பது எடுத்தால், மீதி ஒன்று மடிப்புக்குள் இருக்கிறது என்று பொருள். மூன்று அடுக்கையும் ஊக்கு குத்திப் பிடித்துவைத்திருந்தால், ஊக்குகளைக் கழற்றுவதற்கு முன் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, நாலு விரல் இடைவெளியில், பிறகு உருவிவிடக்கூடிய நீண்ட நூலோட்டம் போட்டுவிடுங்கள். வெள்ளை நூலே இதற்கு நல்லது. சாய நூல் ஈரத்தில் நிறம் விடும். அடுக்குகளைப் பிடிக்கத் தெளிக்கும் பசைகளை நீண்ட இடைவெளி வரக்கூடிய வேலைக்கு நான் பயன்படுத்துவதில்லை.

தையல் வளையத்தைக் கழற்றிவிடுவது இன்னும் அவசியம். வளையம் பிடித்திருக்கும் இடத்தில் துணி வளைந்து இழுபட்டே இருக்கும்; மரத்தின் அமிலமும் கைவியர்வையும் அந்த வட்டத்தின் வழியே மஞ்சளாக ஊறும். ஒரு கிழமை கிடந்தாலும் தடம் விழும், சில வருடங்கள் கிடந்தால் அந்த வட்டம் போகவே போகாது. நேர்கோட்டில் தைப்பதற்கு ஒட்டிய நாடாவையும் அன்றன்றே உரித்துவிட வேண்டும். வெயிற்காலச் சூட்டில் அதன் பசை இளகி நாருக்குள் இறங்கிவிடும்.

குறியிட்ட கோடுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் ஏமாறாதவர்கள் குறைவு. நீலநிறத்தில் எழுதி நீரால் அழிக்கும் பேனையின் கோடு, சூடு பட்டால் நிலைத்துவிடும். ஆகவே அதைக் குளிர்ந்த வெறும் நீரால் ஒற்றி அகற்றிய பின்பே ஸ்திரிக்கைப் பெட்டியை வைக்க வேண்டும். சூடுபட்டால் மறையும் பேனை இதற்கு நேர்மாறானது. ஏறக்குறைய 60 பாகை செல்சியஸில் அதன் மை நிறம் இழக்கிறது, ஆனால் துணியை விட்டுப் போவதில்லை. உறைகுளிரில் கோடுகள் திரும்பி வந்துவிடும். கனடாவிலோ நோர்வேயிலோ இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்பப்போகும் குவில்ட்டில் இந்தப் பேனையைத் தொடாதீர்கள். மெல்லிய பென்சில் கோடோ, துணியில் விரல்நகத்தால் இழுத்த மடிப்புக் கோடோ போதுமானது.

கஞ்சியும் அப்படியே. துண்டுகளை நேராக வெட்டுவதற்காகக் கஞ்சி போட்டு ஸ்திரிக்கை செய்வது நல்ல வழக்கம். எனினும் மாப்பொருள் இருக்கும் பருத்தியைத்தான் இராமபாணப் பூச்சியும் கரப்பானும் தேடி வருகின்றன. கஞ்சி போட்ட துண்டுகளை நிறுத்திவைக்க வேண்டி வந்தால், தைக்காத துண்டுகளை அலசி உலர்த்திவிடுங்கள். தைத்து முடித்த பகுதிகளைத் தனியே வைத்து அடிக்கடி பாருங்கள்.

இனி, குறிப்புத் தாள். எந்த வேலையைப் பையில் போட்டாலும் அதனோடு ஒரு தாள் போக வேண்டும். அதில் குவில்ட்டின் முழு அளவு, தையலுக்காக விடும் ஓரம் (வழக்கமாகக் கால் அங்குலம், அதாவது ஏறக்குறைய 6 மில்லிமீற்றர், இருந்தாலும் ஒவ்வொருவரின் கால் அங்குலமும் மயிரளவு வேறுபடும்), இயந்திரமானால் தையல் நீளமும் ஊசியின் இலக்கமும், எந்தத் துணி எங்கே வாங்கியது, எத்தனை கட்டம் முடிந்தது, அடுத்து செய்ய வேண்டியது என்ன என்பவற்றை எழுதுங்கள். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியமானது. “நான்காம் வரிசையை ஐந்தாம் வரிசையோடு இணைக்க வேண்டும், மடிப்புகள் இடப்பக்கம்” என்ற ஒரு வரி, ஆறு வருடம் கழித்து ஒரு முழுப் பிற்பகலை மிச்சப்படுத்தும். வரிசைகளின் இலக்கங்களைச் சிறு துணித்துண்டில் எழுதி நூலால் தைத்துவிடுங்கள். முதன்முதல் வெட்டிய மாதிரி அட்டையையும் பையிலேயே வையுங்கள். அதைத் தொலைத்துவிட்டுத் தைத்த துண்டிலிருந்து அளவெடுத்தால், ஒவ்வொரு பிரதியிலும் நூலளவு கூடிக்கூடி, கடைசி வரிசை முதல் வரிசையோடு பொருந்தாமல் போகும்.

மீதித் துணியை வேறு வேலைக்கு எடுத்துவிடாதீர்கள். புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவிலும் கெய்சர் வீதியிலும் இன்று வாங்கிய அச்சுத் துணி அடுத்த வருடம் அங்கே இருக்கும் என்று யாரும் உறுதி தரமாட்டார்கள். நிறுத்துக் கொடுக்கும் ஆடைத் தொழிற்சாலை வெட்டுத்துண்டுகள் என்றால் அடுத்த கிழமையே இருக்காது.

எங்கே, எதில் வைப்பது

சுற்றுவதற்கு, பலமுறை துவைத்துக் கஞ்சியும் நீலமும் போய்விட்ட பழைய வெள்ளை வேட்டியைப் போல நல்ல துணி கிடையாது. எட்டு முழ வேட்டி ஒன்று பெரிய மேல்விரிப்பையும் இரண்டு சுற்றுச் சுற்றும். செய்தித்தாளில் சுற்றவே கூடாது. அதன் அமிலமும் மையும் இரண்டும் இறங்கும். பொலித்தீன் பை நுழைந்த ஈரத்தை வெளியே விடாது என்பதால் அதையும் தவிர்க்க வேண்டும். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி தவிர வேறு வழியில்லை என்றால், நல்ல வெயில் நாளின் பிற்பகலில், துணி தொட்டுப் பார்க்கக் குளிர்ச்சியற்று இருக்கும்போது, சிலிக்கா ஜெல் பைகளோடு வைத்து மூடுங்கள்; அந்தப் பைகளைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற மறக்கக் கூடாது. றங்குப் பெட்டியின் உட்புறம் துருவும் ஈரமும் விடும். பெட்டகத்தின் பூச்சற்ற மரம் பழுப்புக் கறையைத் தரும். இரண்டிலும் அடியிலும் பக்கங்களிலும் வெள்ளைத் துணி விரித்த பின்பே வைக்க வேண்டும். என் வீட்டில் நான் தேர்ந்திருப்பது அலுமாரியின் நடுத்தட்டு: குளியலறைச் சுவரோடும் மழை அடிக்கும் வெளிச்சுவரோடும் ஒட்டாத அலுமாரி, வேட்டியில் சுற்றிய துணி, அதற்கு மேல் பாரம் எதுவும் இல்லை.

மடிப்புதான் துணி முதலில் முறியும் இடம். மடிக்கும் ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் பழைய வெள்ளைத் துணியைக் கயிறு போல உருட்டி வைத்தால் மடிப்பு கூர்மையாக விழாது. அத்தோடு, வருடத்தில் இரண்டு முறை எடுத்து விரித்து, வேறு கோட்டில் மடிக்க வேண்டும். இதற்கு நம் நாட்காட்டியே வழி சொல்கிறது. கொழும்பில் மே மாதத்திலும் ஒக்டோபர், நவம்பரிலும் மழை உச்சத்தில் இருக்கும்; ஜனவரி, பெப்ரவரி மிகக் குறைந்த மழையுள்ள மாதங்கள், ஜூலை, ஓகஸ்டும் ஓரளவு ஓய்வானவை. தைப்பொங்கலை ஒட்டி ஒருமுறை, ஆடிவேலை ஒட்டி ஒருமுறை என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். முதல் முறை பாதிக்கு மடித்தால் இரண்டாம் முறை மூன்றாக மடிப்பேன். காலை பத்து மணிக்குப் பிறகு, கடற்பக்கம் அல்லாத அறையில், மின்விசிறியின் கீழ் கட்டிலில் விரித்து இரண்டு மணித்தியாலம் விடுவது போதும். வெயிலில் கொடியில் போட வேண்டாம். நேர் வெயில் நிறத்தைக் குறைப்பதோடு நாரையும் பலவீனமாக்கும், கொடியில் தொங்கும் பாரம் பழைய தையல்களைப் பிரிக்கும்.

நப்தலின் உருண்டைகளை நான் முற்றாக விட்டுவிட்டேன். ஜி6பிடி நொதிக் குறைபாடுள்ள கைக்குழந்தைகளுக்கு அதன் ஆவி இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும் ஆபத்து உள்ளது; குழந்தையைச் சுற்றப்போகும் துணியில் அந்த வாசனை இருக்கவே கூடாது. காய்ந்த வேப்பிலையும் கராம்பும் சிறு பையில் கட்டி வைப்பது வழக்கம், அதில் தவறில்லை. இலை துணியில் நேரே படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூச்சியின் அடையாளம் உண்மையாகவே இருந்தால், நன்கு உலர்ந்த துணியைப் பொலித்தீனில் காற்றுப் புகாமல் கட்டி, உறைகுளிர்ப் பெட்டியில் இரண்டு கிழமை வைத்து எடுத்து, பையைத் திறக்காமல் ஒரு நாள் வெளியே விட்டுப் பிறகு அவிழ்ப்பது பாதுகாப்பான வழி. பொலித்தீனுக்கு நான் இடம் கொடுக்கும் ஒரே சந்தர்ப்பம் இது.

கைக்கு வந்து சேர்ந்த பழைய வேலை

என் அம்மம்மாவின் றங்குப் பெட்டியிலிருந்து எனக்குக் கிடைத்தது அறுகோணத் துண்டுகளால் ஆன ஒரு மேல்விரிப்பு, ஏறக்குறைய முக்கால் பங்கு முடிந்தது. நடுவில் ஒரு மஞ்சள் துண்டும் சுற்றி ஆறு சீத்தைத் துண்டுகளுமாக ஏழு சேர்ந்தால் ஒரு பூ. அமெரிக்காவில் 1930களில் மிகப் பரவலாக இருந்த ‘பாட்டியின் பூந்தோட்டம்’ வடிவத்தோடு இதற்கு நெருங்கிய உறவு உண்டு. ஒவ்வொரு அறுகோணமும் ஒரு கடதாசித் துண்டின் மேல் மடித்து நூலோட்டப்பட்டு, பிறகு விளிம்போடு விளிம்பாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. பின்புறத்தைத் திருப்பினால் அந்தக் கடதாசிகள் தெரியும். ஒன்றில் பென்சிலால் போட்ட கழித்தல் கணக்கு, சிவப்பு மையில் சரி அடையாளத்தோடு. இன்னொன்றில் செய்தித்தாளின் ஓரம், “கேசரி” என்ற எழுத்துகள் மட்டும். வீரகேசரி 1930இல் தொடங்கிய பத்திரிகை. ஆகவே அந்தத் துண்டாவது அதற்கு முற்பட்டதல்ல. பழைய அறுகோண வேலைகளின் காலத்தை இப்படி உள்ளிருக்கும் கடிதங்களையும் செய்தித்தாள்களையும் கொண்டு கணிப்பது உலகெங்கும் உள்ள வழக்கம்.

இத்தகைய வேலை கையில் கிடைத்தால் முதல் நாள் எதுவும் செய்யாமல் இருப்பதே சரி. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று வளர்ந்த கைகளுக்கு, பழைய துணியைக் கண்டவுடன் வாளிக்குள் போடத் தோன்றும். கட்டும் உடுப்புக்கு அது பொருந்தும். வெட்டு விளிம்பு திறந்து கிடக்கும் மேல்விரிப்பை வாளிக்குள் போட்டால், இழைகள் பிரிந்து சிக்குண்டு, தையலுக்கு விட்ட ஓரமே இல்லாமல் போகும். கறையைப் பார்த்துவிட்டு ஸ்திரிக்கை போடுவதும் தவறு, ஏனெனில் சூட்டில் கறை நிலைக்கும். கட்டிலில் வெள்ளைத் துணி விரித்து, அதன் மேல் வேலையை வைத்து, இருபுறமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடதாசிகளை இப்போது உருவ வேண்டாம். அறுகோணத்தின் ஆறு பக்கமும் இணைக்கப்பட்ட பின்பே அதன் கடதாசியை எடுக்கலாம். ஓரத்தில் இருப்பவற்றை எடுத்தால் மடிப்பு குலையும். எடுத்தவற்றை வீசாமல், எந்தப் பூவிலிருந்து வந்தவை என்று எழுதி ஒரு உறையில் வையுங்கள். ஆனால் செய்தித்தாள் துணியைப் பழுப்பாக்குவதால், ஆறு பக்கமும் முடிந்த துண்டுகளிலிருந்து அதை எடுத்துவிடுவதைத் தள்ளிப்போடவும் கூடாது.

பிறகு நூலைச் சோதியுங்கள். பழைய நூற்பந்து கூடவே இருந்தால் ஒரு முழம் அவிழ்த்து இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். எதிர்ப்பின்றி அறுந்தால் அந்த நூலைத் தையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. தைத்த இடங்களில், இரண்டு துண்டுகளை இணைப்பின் இருபுறமும் பிடித்து மெல்ல விரித்துப் பாருங்கள். தையல்களுக்கிடையில் வெளிச்சம் தெரிந்தால் நூல் தளர்ந்திருக்கிறது. பழைய தையலை உருவாமல் அதன் மேலேயே புதிய பருத்தி நூலால் சிறு தையல் போடலாம். நூல் துணியைவிட வலியதாக இருக்கக் கூடாது என்பது பழந்துணி பேணுவோரின் நெறி: இழுபடும்போது அறுவது நூலாக இருந்தால் திரும்பத் தைக்கலாம், துணியானால் முடியாது.

துணி எதுவென்று தெரியாவிட்டால், விளிம்பிலிருந்து ஒரு இழையை எடுத்து, துணியை விட்டுத் தள்ளிப்போய்ச் சாவணத்தில் பிடித்து எரித்துப் பாருங்கள். பருத்தி கடதாசி எரியும் மணத்தோடு சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாகும். பட்டு மயிர் கருகும் மணம் தரும். சாயத்தைப் பார்ப்பதற்கு, நனைத்துப் பிழிந்த வெள்ளைப் பஞ்சை ஒவ்வொரு நிறத்தின் மேலும் அரை நிமிடம் அழுத்திப் பாருங்கள், பிறகு ஒரு துளி சவர்க்கார நீரோடு மீண்டும். பற்றிக் துணிகளையும், மருதமுனைக் கைத்தறியின் ஆழ்ந்த சிவப்பு, மறூன் நிறங்களையும் நான் எப்போதும் இரண்டு முறை சோதிப்பேன். ஒரே ஒரு நிறம் பஞ்சில் ஏறினாலும் முழு வேலையையும் நீரில் போடக் கூடாது.

தூசியை நீரில்லாமலே பெரும்பாலும் போக்கலாம். ஒரு துண்டு நுளம்பு வலையைத் துணியின் மேல் விரித்து, தூசி உறிஞ்சியை மிகக் குறைந்த வேகத்தில் வலைக்கு மேலாக நகர்த்தினால் துணி இழுபடாது. பூஞ்சணம் இருந்தால் முதலில் முழுமையாக உலர விட்டு, முகக்கவசம் அணிந்து, மொட்டைமாடியிலோ முற்றத்திலோ மென்தூரிகையால் தட்டி அகற்ற வேண்டும். ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் அது நாருக்குள் போகும். எல்லாச் சோதனையும் தேறி, நீரில் போட்டே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், மேல்விரிப்பை இரண்டு நுளம்பு வலைத் துண்டுகளுக்கிடையில் வைத்துச் சுற்றிலும் நூலோட்டி, குளியல் தொட்டியிலோ பெரிய பேசினிலோ தட்டையாக இறக்கி, மென்மையான, வெளுப்பி கலக்காத சவர்க்கார நீரில் கையால் மெல்ல அழுத்துங்கள். கசக்கவோ பிழியவோ கூடாது. தூக்கும்போது வலையைப் பிடித்தே தூக்க வேண்டும், ஏனெனில் நனைந்த துணியின் பாரத்தைப் பழைய தையல் தாங்காது. துவாலையில் விரித்து நிழலில் உலர விடுங்கள்.

முடிப்பதா, விடுவதா

பழைய வேலைகள் எல்லாவற்றையும் முடித்தே ஆக வேண்டும் என்று நான் கருதவில்லை. துணி விரல்பட்டாலே கிழியும் நிலையில் இருந்தால் அதைத் தைத்து முடிப்பது அழிப்பதற்குச் சமம். கடதாசிகளோடு அப்படியே வேட்டியில் சுற்றி வைத்துவிடலாம். சில துண்டுகள் மட்டும் நைந்திருந்தால் அவற்றை வெட்டி எடுக்காமல், அதே நிறத்துக்குக் கிட்டிய மெல்லிய வலைத்துணியை மேலே பரப்பி, தையல் வரிகளோடு சேர்த்துத் தைத்துவிடுங்கள். அடியில் பழைய துணி தெரியும், இழைகளும் உதிராது. துணி வலுவாக இருந்து, கட்டில் அளவுக்குத் துண்டுகள் போதாமல் இருந்தால், புதிய துணி கொண்டு நீட்டுவதைவிட உள்ள அளவிலேயே ஒரு தொட்டில் போர்வையாகவோ மேசை விரிப்பாகவோ முடிப்பதை நான் விரும்புவேன். நீட்டத்தான் வேண்டுமென்றால், புதிய துணியை முதலில் துவைத்துச் சுருங்க விட்டு, பழையதைப் போலப் பாசாங்கு செய்யாத ஒரு தனி ஓரமாகச் சேருங்கள்.

பஞ்சு விடயத்தில் கொழும்புக்கென்று ஒரு தீர்மானம் எடுக்கலாம். தடித்த பொலியெஸ்டர் பஞ்சு வைத்த குவில்ட்டை இங்கே யாரும் போர்த்தமாட்டார்கள். இலவம் பஞ்சு தலையணைக்கு நல்லது. அதன் நார் வழுவழுப்பானது, ஒன்றையொன்று பற்றாது, குவில்ட்டுக்குள் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். பழைய பருத்திச் சேலையே நடுத்துணிக்கும் அடித்துணிக்கும் தகுந்தது. ஐந்தரை மீற்றர் சேலையைக் குறுக்கே இரண்டாக வெட்டிப் பக்கத்தில் பக்கம் இணைத்தால், ஏறக்குறைய 2.2 மீற்றர் அகலமும் 2.7 மீற்றர் நீளமுமான துணி கிடைக்கும். இருவர் படுக்கும் கட்டிலின் மேல்விரிப்புக்கு அது போதும். வெட்டுவதற்கு முன் சேலையை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கொய்யகம் செருகும் இடமும் கால் படும் கரையும் பெரும்பாலும் நைந்திருக்கும். அவை ஓரத்துக்கு வருமாறு திருப்பி, வெட்டி நீக்கலாம். பழைய சேலைகளை அடுக்கி நூலோடித் தைக்கும் வங்காளத்துக் காந்தா வேலை இந்த முறையில்தான் நிற்கிறது, அது நம் வெப்பத்துக்கும் பொருந்துகிறது.

கையால் இணைத்த பழைய மேல்விரிப்பை இயந்திரத்தால் குவில்ட் செய்யலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பழைய துணிக்கு இயந்திரத்தின் இறுக்கமான தையல் அதிகம் என்பது என் எண்ணம். 9 அல்லது 10ஆம் இலக்கக் குறு ஊசியும் பருத்தி நூலும் கொண்டு, இரண்டு அங்குல இடைவெளியில், துண்டுகளின் இணைப்பிலிருந்து சற்றுத் தள்ளி நூலோடினால், மெல்லிய சேலை நடுத்துணி நகராது, பழைய தையலுக்கும் பாரம் ஏறாது.

முடித்ததும் அடித்துணியின் ஒரு மூலையில் ஒரு பெயர்த்துணி தைக்க வேண்டும். துவைத்துச் சுருங்கிய வெள்ளைப் பருத்தியில், அழியாத நிறமி மைப் பேனையால், தொடங்கியவரின் பெயர், முடித்தவரின் பெயர், தெரிந்த வருடங்கள், எந்தப் பகுதி யாருடைய கை என்பவற்றை எழுதி, ஒரு நாள் உலரவிட்டுப் பின்புறமாக ஸ்திரிக்கை போட்டு மையை நிலைக்கச் செய்து, அடித்துணியை மட்டும் பிடித்துச் சிறு தையலால் பொருத்துங்கள். முடியாமல் விடும் வேலைக்கும் இதே பெயர்த்துணியை எழுதி, சுற்றிய வேட்டியின் வெளிப்புறத்தில் தைத்துவிடலாம். என் அம்மம்மாவின் அறுகோணங்களுக்கு நான் செய்திருப்பது இதுதான். அதன் கடைசி வரியில், “வலப்பக்க ஓரத்தில் பதினான்கு பூக்கள் இன்னும் இணைக்கவில்லை, கடதாசிகள் உறையில்” என்று எழுதியிருக்கிறேன்.